இன்னொரு கொரோனா வந்தா உலக பார்லிமெண்டை எப்படி ஓட்டறது: ஒரு பால் சங்கத்து செக்ரட்டரி எழுதற முழு வழிகாட்டி

2020 ஜூலையில எங்க குலதெய்வக் கோயில் கமிட்டிக்கு ஒரு சிக்கல் வந்துச்சுங்க. கும்பாபிஷேக வேலைக்கு ஸ்தபதிக்கு அட்வான்ஸ் குடுக்கறதா வேண்டாமான்னு முடிவு பண்ணோணும், எங்க கூட்டத்தாளுங்க பாதிப்பேரு ஊர்ல, கொஞ்சம் பேரு திருப்பூர்லயும் கோயமுத்தூர்லயும், மிச்சம் சிங்கப்பூரு துபாய் டல்லாஸ்னு செதறிக் கெடக்கறாங்க, லாக்டவுனு வேற, மாவட்டம் தாண்டறதுக்கே இ-பாஸ் கேக்கறான். சரின்னு வாட்சப் குரூப்புல கட்டை வெரல் போட்டு ஓட்டு எடுத்தோம். மறுநா காத்தால ஒரு பங்காளி போன் பண்ணி, "ஏனுங்ணா, பைலாவுல நேர்ல வந்து கையைத் தூக்கோணும்னுதான எழுதிருக்குது, கட்டை வெரலு எந்தப் பக்கத்துல இருக்குதுங்ணா?"ன்னு கேட்டுட்டாரு. அவரு எதிர்த்து ஓட்டுப் போட்டவரு, ஆனா கேட்டது நாயம். தீர்மானம் செல்லாமப் போச்சு, ஸ்தபதி வேற ஊருக் கோயில் வேலைய எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு.

நான் கோபி பக்கம் ஒரு பால் சங்கத்துல முப்பது வருசத்துக்கு மேல செக்ரட்டரியா இருந்து ரிட்டயர் ஆனவன். மினிட்ஸ் புக்கு எழுதி எழுதியே பாதி ஆயுசு போச்சு, எனக்கே இது தோணலியேன்னு நெம்ப வெசனமாப் போச்சு. அந்த வெசனத்துலதான் உலகத்துல பெரிய பெரிய சபையெல்லாம் அந்த ரெண்டு வருசம் எப்படி ஓட்டுனாங்கன்னு தோண்ட ஆரம்பிச்சது. இப்ப அக்கா பையன் கோயமுத்தூர்ல சட்டம் படிக்கறான், காலேஜ்ல மாதிரி பார்லிமெண்டு நடத்தறாங்களாம், "மாமா, அந்த நோட்டையெல்லாம் ஒட்டுக்கா ஒழுங்கா எழுதிக் குடுங்க"ங்கறான். அவனுக்கு எழுதுனதுதான் இது. நீங்களும் படிக்கறப்ப நீங்கதான் அந்த சபையோட செக்ரட்டரி, நாளைக்குக் காத்தால ஏர்போர்ட்டெல்லாம் மூடப்போறாங்கன்னு வெச்சுக்கிட்டுப் படிங்க, அப்பத்தான் வெளங்கும்.

ஒண்ணு மட்டும் இப்பவே சொல்லிப்போடறேன். எல்லாரும் முதல்ல எந்த ஆப்புன்னுதான் கேக்கறாங்க. ஆப்பு நாலாவது அஞ்சாவதா வர வேண்டிய சமாச்சாரம்.

முதல்ல உங்க சபை எந்தச் சாதின்னு பாருங்க

உலக பார்லிமெண்டுன்னு சொன்னாலும் எல்லாம் ஒரே மாதிரி கெடையாது. ஐரோப்பிய பார்லிமெண்டுல மக்களே நேரடியா ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த உறுப்பினருங்க, பிரிட்டன் வெளிய போனதுக்கப்புறம் 27 நாட்டுக்கு அப்ப 705 பேரு (2024 தேர்தல்ல இருந்து 720), அவிங்க போடற சட்டம் நெசமாலுமே சட்டம். ஐரோப்பியக் கவுன்சிலோட பார்லிமெண்டரி அசெம்பிளின்னு பிரான்ஸ்ல ஸ்ட்ராஸ்பர்க்ல இன்னொண்ணு இருக்குது, இதையும் அதையும் கொழப்பிக்காதீங்க, அது அப்ப 47 நாடு (ரஷ்யா வெளிய போனதுக்கப்புறம் 46), அதுல இருக்கறவங்க அவிங்கவிங்க நாட்டு எம்.பி.ங்க, வருசத்துக்கு நாலு தடவை கூடறாங்க, மனித உரிமைக் கோர்ட்டு நீதிபதிகளத் தேர்ந்தெடுக்கறதே இவிங்கதான். ஐபியுங்கற நாடாளுமன்றங்களின் ஒன்றியம் 1889ல ஆரம்பிச்சது, ஜெனீவாவுல ஆபீஸ், அதுக்கு உறுப்பினரே நாடுகளோட பார்லிமெண்டுங்கதான், நம்ம இந்தியா 1949ல இருந்து அதுல இருக்குது, நஜ்மா ஹெப்துல்லா 1999ல இருந்து 2002 வரைக்கும் அதுக்குத் தலைவரா இருந்தாங்க. அப்புறம் காமன்வெல்த் பார்லிமெண்டரி அசோசியேசன், 1911ல வேற பேருல ஆரம்பிச்சது. நம்ம தமிழ்நாடு சட்டசபையே அதுல ஒரு கிளைங்க, நெம்பப் பேருக்கு இது தெரியாது.

இதெல்லாம் எதுக்குன்னா, உங்க சபை போடறது சட்டமா, தீர்மானமா, வெறும் பேச்சான்னு தெரிஞ்சாத்தான் எவ்வளவு கெட்டியா ஓட்டு எடுக்கோணும்னு தெரியும். சட்டம் போடற சபையில ஓட்டுல ஒரு ஓட்டை இருந்தா நாளைக்குக் கோர்ட்டுல நிக்கும். பேச்சு சபைன்னா ஒத்திவெச்சா ஒண்ணும் குடி முழுகாது. ஐபியு 2020 ஏப்ரல்ல ஜெனீவாவுல நடத்த இருந்த 142வது பேரவைய அப்ப நடத்தாமயே விட்டுட்டாங்க. காமன்வெல்த்துக்காரங்க கனடாவுல ஹாலிஃபாக்ஸ்ல கூட இருந்த மாநாடு தள்ளிப் போயித் தள்ளிப் போயி 2022 ஆகஸ்டுலதான் நடந்துச்சு.

உள்நாட்டு சபைக்கும் இதுக்கும் இன்னொரு வித்தியாசம் இருக்குது. நம்ம சட்டசபைன்னா கோட்டையில எடம் பத்தலைன்னு கலைவாணர் அரங்கத்துக்கு மாத்தி 2020 செப்டம்பர்ல மூணு நாளு நடத்தி முடிச்சுட்டாங்க. பார்லிமெண்டுல ராஜ்யசபா காத்தால, லோக்சபா மத்தியானத்துக்கு மேலன்னு ஷிப்ட் போட்டு, ரெண்டு ஹாலையும் கேலரியையும் சேத்து ஒக்கார வெச்சாங்க, நம்மூரு ஸ்பின்னிங் மில்லு மாதிரி. உலக சபையில அது ஆகாது. ஒவ்வொரு உறுப்பினரும் எல்லை தாண்டி வரோணும், வந்தா தனிமைப்படுத்துவான், திரும்பிப் போனா அவிங்க ஊர்ல தனிமைப்படுத்துவான், ஒருத்தரு ரெண்டு நாள் கூட்டத்துக்கு ஒரு மாசம் ஊட்டுல அடைஞ்சு கெடக்கோணும்.

முதல் ரெண்டு வாரம்: எது காத்திருக்கும், எது காத்திருக்காது

வேலைய ரெண்டாப் பிரிச்சு எழுதுங்க. ஐரோப்பிய பார்லிமெண்டு 2020 மார்ச் மாசம் ஸ்ட்ராஸ்பர்க்ல நாலு நாளு கூட இருந்துச்சு, அதை பெல்ஜியத்துல இருக்கற பிரஸ்ஸல்ஸுக்கு மாத்தி, அதையும் ஒரே நாளாச் சுருக்கி மார்ச் 10ல முடிச்சாங்க. தலைவர் டேவிட் சஸ்ஸோலி இத்தாலிக்காரரு, ஊருக்குப் போயிட்டு வந்ததுனால அவரே பிரஸ்ஸல்ஸ் ஊட்டுல தனியா ஒக்காந்துட்டாரு. அடுத்து மார்ச் 26ல ஒரு அவசரக் கூட்டம். அதுக்கு அஜெண்டாவுல எடுத்தது மூணே மூணு சமாச்சாரம்: கொரோனாவுக்கு 3,700 கோடி யூரோ திருப்பி விடறது, வெள்ளம் பூகம்பத்துக்குன்னு வெச்சிருந்த நிதிய நோய்க்கும் குடுக்கறது, மூணாவது ஏர்போர்ட் ஸ்லாட்டு.

அந்த மூணாவதைப் பாத்தா சிரிப்பு வரும் ஆனா கூத்து இல்லீங்க. ஏர்போர்ட்ல எறங்கற நேரத்த விமானக் கம்பெனிக்காரன் நூத்துக்கு 80 தடவையாவது பயன்படுத்தலைன்னா அடுத்த வருசம் அந்த நேரம் கைய விட்டுப் போயிரும்னு ஒரு ரூல், அதுனால ஆளே இல்லாத காலி விமானத்தப் பறக்க விட்டுக்கிட்டு இருந்தானுங்க. ரூலை நிறுத்தி வெக்கறதுக்கு ஒரு சட்டம் வேணும், சட்டத்துக்கு சபை கூடோணும், சபை கூட முடியாது. இந்த மாதிரி சபை கூடலைன்னா நாளுக்கு நாள் நட்டம் ஏறிக்கிட்டே போற சமாச்சாரம் எதுவோ அது முதல் லிஸ்டு. மத்ததெல்லாம், பாராட்டுத் தீர்மானம், ஒரம்பரைக் குழு வர்றது, சுற்றுப்பயணம், எல்லாம் ரெண்டாவது லிஸ்டு. ரெண்டாவது லிஸ்டுல தன்னோட பேரு இருந்தா எல்லாருக்கும் கோவம் வரும், அது செக்ரட்டரி தலையெழுத்து.

ரூல் புக்கத் தெறந்து வெச்சு ஒக்காருங்க

இதுதான் எல்லாத்துக்கும் தாய்வேரு, எங்க கோயில் கமிட்டி கவுந்தது இங்கதான்.

நாலு கேள்வி கேளுங்க. உறுப்பினர் "வந்திருக்கறார்"னா என்ன அர்த்தம்னு எழுதிருக்குதா, ஹாலுக்குள்ள கால் வெச்சாத்தானா இல்ல லைன்ல இருந்தாப் போதுமா? கோரம், அதாவது கூட்டம் செல்லறதுக்குக் கொறஞ்சது எத்தனை பேரு வேணும்ங்கறத, எப்படி எண்ணறது? ஐரோப்பிய பார்லிமெண்டுல மூணுல ஒரு பங்கு உறுப்பினர் இருக்கோணும், அதுவும் ஹாலுக்குள்ளன்னுதான் பழைய ரூலு. ஓட்டு எப்படி? எடம் எது? இந்தக் கடைசிக் கேள்வி பாக்கறதுக்குச் சின்னதாத் தெரியும், ஆனா ஐரோப்பிய பார்லிமெண்டுக்கு அதுதான் பெரிய கெரகம். வருசத்துக்கு 12 கூட்டம் ஸ்ட்ராஸ்பர்க்லதான் நடக்கோணும்னு ஒப்பந்தத்துலயே எழுதி வெச்சிருக்குது, அதை மாத்தோணும்னா எல்லா நாடும் ஒத்துக்கோணும், பிரான்ஸ் ஒத்துக்குமா? மாசாமாசம் பிரஸ்ஸல்ஸ்ல இருந்து லாரி லாரியா பெட்டிய ஏத்திக்கிட்டுப் போறதும் திரும்பக் கொண்டாறதும் சாதாரண நாள்லயே ஒரு சந்தை வியாபாரி பொழப்பு. 2020 மார்ச்சுல இருந்து 2021 ஜூன் வரைக்கும் அங்க கூட முடியல, அதுக்குள்ள பிரான்ஸ் எப்ப வர்றீங்க எப்ப வர்றீங்கன்னு விடாமக் கேட்டுக்கிட்டே இருந்துச்சு.

ரூலை மாத்தறதுல ஒரு கோழி முட்டைக் கதை இருக்குது பாருங்க. தூரத்துல இருந்து ஓட்டுப் போட ரூலை மாத்தோணும், ரூலை மாத்தறதுக்கு ஓட்டுப் போடோணும், ஓட்டுப் போட நேர்ல வரோணும். எங்க பங்காளி பிடிச்சது இந்த முடிச்சத்தான். ஐரோப்பாக்காரங்க இத எப்படி அவுத்தாங்கன்னா, சபையோட நிர்வாகக் குழு, அதாவது தலைவரும் துணைத் தலைவருங்களும் இருக்கற பீரோ, ஓட்டு எடுக்கற தொழில்நுட்ப முறைய முடிவு பண்ணற அதிகாரம் தங்கிட்ட இருக்குதுன்னு சொல்லி மார்ச் 20ல ஒரு முடிவு எடுத்துச்சு, தற்காலிகமா, நாள் கணக்கு வெச்சு. அதை வெச்சுக்கிட்டு ஓட்டிட்டு, டிசம்பர் 2020ல சபையே முறையா விதிகள்ல ஒரு புது அத்தியாயத்தச் சேத்துச்சு. அசாதாரண நெலமைன்னு தலைவர் சொன்னா மட்டும் போதாது, கட்சிக் குழுத் தலைவருங்களும் ஒத்துக்கோணும், கெடு இருக்கோணும், உறுப்பினருங்க கேட்டா அந்த ஏற்பாட்டையே சபை ஓட்டுக்கு விடோணும், காரணம் தீந்தா தலைவர் அதை நிறுத்தியாகோணும். நீங்க எழுதறப்பவும் இந்த நாலையும் விட்டறாதீங்க. கெடு இல்லாத அவசர அதிகாரத்தை எவனும் தானா எறக்கி வெக்க மாட்டான், பால் சங்கத்துலயே தனி அலுவலர் ஆறு மாசத்துக்குன்னு வந்து வருசக்கணக்கா ஒக்காந்ததப் பாத்தவன் நான்.

ஐரோப்பியக் கவுன்சிலோட அசெம்பிளி வேற வழி போச்சு. அவிங்களுக்கு ஏற்கெனவே நிலைக்குழுன்னு ஒண்ணு ரூல்ல இருக்குது, ரெண்டு கூட்டத்தொடருக்கு நடுவுல சபைக்குப் பதிலா அது முடிவெடுக்கலாம். 2020ல ஏப்ரல் கூட்டமும் ஜூன் கூட்டமும் ரத்து, அந்த நிலைக்குழுவ வீடியோவுல கூட்டி வண்டிய ஓட்டுனாங்க, 2021 ஜனவரியிலதான் பாதிப்பேரு ஸ்ட்ராஸ்பர்க்லயும் பாதிப்பேரு ஊட்லயுமா முழு சபையும் கூடுச்சு. அந்தக் கூட்டத்துல ரஷ்யக் குழுவோட அங்கீகாரத்த எதிர்த்து ஒரு சண்டை, தடுப்பூசியக் கட்டாயப்படுத்தக் கூடாதுன்னு ஒரு தீர்மானம், எல்லாம் உண்டு. எனக்கு இந்த வழிதான் பிடிச்சிருக்குது, ஏன்னா புதுசா அதிகாரம் உண்டாக்க வேண்டியதில்ல. ஆனா சின்னக் குழுவுல சின்ன நாட்டுக்காரனோட குரலு கேக்காமப் போகும், அதுக்கு ஈடா குழுவோட முடிவ அடுத்த முழுக் கூட்டத்துல வெக்கறதுன்னு நீங்க ஒரு வரி சேத்துக்கோணும்.

நம்ம நாட்டுக் கதையும் இதுக்கு ஒரு பாடம். நிலைக்குழுக்கூட்டத்த வீடியோவுல நடத்தலாமேன்னு எம்.பி.ங்களே கேட்டாங்க, குழுவோட பேச்சு ரகசியம், வீடியோவுல ரகசியம் நிக்காதுன்னு ரூலக் காட்டி விடல.

ஓட்டு

ரூலு சரியாயிருச்சா, இப்ப ஓட்டுக்கு வாங்க. மார்ச் 26ல ஐரோப்பிய பார்லிமெண்டுக்காரங்க பண்ணுனது பெரிய டெக்னாலஜியே இல்லீங்க, நம்ம ஜெராக்ஸ் கடைக்காரன் பண்ணற வேலைதான். ஓட்டுச் சீட்டை உறுப்பினரோட அதிகாரபூர்வ ஈமெயிலுக்கு அனுப்பறது, அவிங்க பிரிண்ட் எடுத்து நெரப்பிக் கையெழுத்துப் போட்டு ஸ்கேன் பண்ணி அதே ஈமெயில்ல இருந்து சபையோட பெட்டிக்குத் திருப்பி அனுப்பறது. 705ல 688 பேரு ஓட்டுப் போட்டாங்க. அந்த 3,700 கோடி யூரோவுக்கு 683 ஆதரவு, 1 எதிர்ப்பு, 4 பேரு நடுநிலை. ஏர்போர்ட் ஸ்லாட்டுக்கு எதிர்ப்பே இல்ல. நேர்ல கூடுன காலத்துலயே இத்தனை பேரு வர மாட்டாங்க.

ஊட்டுல பிரிண்டர் இல்லாத உறுப்பினர் என்ன பண்ணுவார்னு நீங்க கேக்கோணும், நானும் கேட்டேன். பதில் என்னன்னா முன்கூட்டியே கேட்டு வெக்கோணும். ஓட்டுக்கு ஒரு வாரம் முன்னாடி பொய் ஓட்டு ஒண்ணு நடத்துங்க, மத்தியானம் சோத்துக்கு இட்லியா தோசையான்னு வேணாலும் கேளுங்க. யாருகிட்ட பாஸ்வேர்டு மறந்துருச்சு, யாரு பேத்திய விட்டு அமுக்கச் சொல்றாருன்னு அன்னைக்குத் தெரிஞ்சுரும். பேத்தி அமுக்கறது தப்பு, அதை எழுத்துலயே போடுங்க, ஓட்டு உறுப்பினரோட சொந்த ஓட்டு, இன்னொருத்தருக்குக் குடுக்கறதா இருந்தா அதுக்கு ரூல்ல எடம் இருக்கோணும்.

அடுத்து, ஈமெயில் ஓட்டு ரகசிய ஓட்டு கெடையாது. பேரு, கையெழுத்து எல்லாம் இருக்குது. சட்டத்துக்கு அது நல்லதுதான், யாரு எந்தப் பக்கம்னு லிஸ்ட வெளியிட்டா உறுப்பினரே தன்னோட ஓட்டு சரியா ஏறிருக்குதான்னு பாத்துக்கலாம், கள்ள ஓட்டுக்கு இதை விட நல்ல மருந்து இல்ல. ஆனா ஆளைத் தேர்ந்தெடுக்கற ஓட்டு ரகசியமா இருக்கோணுமே. ஐபியுவுக்கு 2020ல தலைவர் பதவிக்காலம் முடிஞ்சுபோச்சு, மெக்சிகோவோட கப்ரியேலா குவேவாஸ் எறங்கோணும், தள்ளிப்போட முடியாது. நவம்பர் 1ல இருந்து 4 வரைக்கும் ஆளும் குழுவ ஆன்லைன்ல கூட்டி, ரகசிய மின்னணு ஓட்டுல போர்ச்சுகல்காரர் துவார்த்தே பசேக்கோவைத் தேர்ந்தெடுத்தாங்க, ஓட்டுப் போட 24 மணி நேரம் குடுத்தாங்க. ஏன் 24 மணி நேரம்? ஜெனீவாவுல மத்தியானம் ரெண்டு மணின்னா நமக்கு சாயங்காலம் ஆறரை, மெக்சிகோவுல காத்தால ஏழு, நியூசிலாந்துல ராத்திரி ரெண்டு. அரை மணி நேரம் மட்டும் தெறந்து வெச்சா ஏதாச்சும் ஒரு கண்டத்துக்காரன் தூக்கத்துல ஓட்டைத் தொலைப்பான்.

ஐபியுவுல இன்னொரு நல்ல ரூலு, ஆளும் குழுவுக்கு ஒவ்வொரு நாடும் மூணு பேர அனுப்பலாம், ஆணும் பொண்ணும் கலந்திருந்தாத்தான் மூணு. அதை ஆன்லைன்லயும் விடாம வெச்சுக்கிட்டாங்க. நெலமை சரியில்லைன்னு சொன்னா முதல்ல தூக்கிப் போடறது இந்த மாதிரி ரூலைத்தான், அதுனால சொல்றேன்.

நேர்லதான் நடத்துவோம்னு அடம் புடிச்சாலும் வம்பு தீராது. தென்னாப்பிரிக்காவுல மிட்ராண்டுல இருக்கற பான் ஆப்பிரிக்க பார்லிமெண்டு 2021 மே மாசம் நேர்லயே கூடித் தலைவர் தேர்தல் நடத்தப் போனாங்க, எந்தப் பகுதிக்காரன் முறைன்னு சண்டை வந்து தள்ளுமுள்ளு ஆயி, கடைசியில கொரோனாவையும் காரணம் காட்டி நிறுத்தி, 2022 ஜூன்லதான் ஜிம்பாப்வே சாரும்பிராவைத் தேர்ந்தெடுத்தாங்க. லண்டன்ல ஊட்ல இருந்தே ஓட்டுப் போடற வசதிய 2020 மே மாசம் பண்ணி, ஜூன் 2ல அதை நிறுத்திப்போட்டு எம்.பி.ங்கள ரெண்டு மீட்டர் இடைவெளியில பாம்பு மாதிரி வரிசையில நிக்க வெச்சதும் நடந்துச்சு. ரேசன் கடையில நாம நின்னோமே, அதே மாதிரி.

நெட்டு போயிருச்சுன்னா என்னன்னு முன்னாடியே எழுதி வெச்சுருங்க. ஒருத்தருக்குப் போனா அவரு போன்ல சொல்லிப் பதிவு பண்ணலாமா, பத்துப் பேருக்குப் போனா ஓட்டையே நிறுத்தறதா, யாரு முடிவு பண்றது. ரிசல்ட்டு வந்ததுக்கப்புறம் இந்த ரூலை எழுதுனா தோத்தவன் ஒத்துக்க மாட்டான்.

மொழிபெயர்ப்புதான் உங்க கழுத்தப் புடிக்கும்

இது வெளிய தெரியாத சங்கதி, ஆனா உலக சபைல ஆப்பு தேடறப்ப முதல்ல பாக்க வேண்டியது வீடியோ இல்ல, சத்தம். ஐரோப்பிய பார்லிமெண்டுல 24 மொழி, ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்குன்னு கணக்குப் போட்டா 552 ஜோடி. சாதாரண நாள்ல கண்ணாடிக் கூண்டுக்குள்ள ரெண்டு மூணு பேரு ஒரு மைக்கு முன்னாடி மாறி மாறி ஒக்காந்து பேசுவாங்க. கொரோனாவுல ஒரே கூண்டுல ரெண்டு பேரு ஒக்காந்தா வம்பு, தனித்தனியா ஒக்கார வெச்சா கூண்டு பத்தாது. கூண்டு பத்தலைன்னா மொழிய வெட்டோணும், எந்த மொழிய வெட்டறது? நாட்டுக்காரனுக்கு அவன் மொழி மானப் பிரச்சினை, நமக்குத் தெரியாததா.

அதை விடப் பெருசு காது. கூடவே மொழிபெயர்க்கறவங்க கேட்டுக்கிட்டே பேசறாங்க, அவிங்களுக்குச் சத்தம் தெளிவா இருக்கோணும். அதுக்குன்னே ஐஎஸ்ஓ 20108ங்கற தரம் இருக்குது, 125ல இருந்து 15,000 ஹெர்ட்ஸ் வரைக்கும் கேக்கோணும்னு. பழைய டெலிபோன் லைன் 300ல இருந்து 3,400 வரைக்கும்தான் கொண்டுபோவும். வீடியோ கால் ஆப்புங்க நெட்டு மிச்சம் பண்றதுக்காக மேல கீழ வெட்டி, சத்தத்த அமுக்கி அனுப்பும், திடீர்னு கிறீச்சுன்னு ஒரு சத்தம் வந்தா காதுக்குள்ள ஊசி குத்துன மாதிரி. ரெண்டு வருசம் இப்படிக் கேட்டு காது இரைச்சல், தலைவலின்னு மொழிபெயர்ப்பாளருங்க சொல்லிச் சொல்லிப் பாத்து, 2022ல தூரத்துல இருந்து பேசறவங்களுக்கு மொழிபெயர்க்க மாட்டோம்னு ஐரோப்பிய பார்லிமெண்டுலயே வேலைநிறுத்தம் பண்ணுனாங்க.

அதுனால உங்க லிஸ்டுல இதெல்லாம் இருக்கோணும்: ஒவ்வொரு உறுப்பினருக்கும் வயர் மைக்கு ஹெட்செட்டு சபை செலவுல அனுப்புங்க, ப்ளூடூத்து வேண்டாம், லேப்டாப் மைக்கு வேண்டவே வேண்டாம். நெட்டு வயர்ல. கார்ல போயிக்கிட்டே பேசறவருக்குத் தலைவர் பேச அனுமதி குடுக்கக் கூடாது, மந்திரியா இருந்தாலுஞ் சரி. எழுதி வெச்சுப் படிக்கறதா இருந்தா பேப்பர முன்னாடியே கூண்டுக்கு அனுப்போணும், இல்லைன்னா ரயிலு மாதிரி ஓடுவாரு, யாரும் பின்னால ஓட முடியாது. கூட்டத்தோட நேரத்தையும் சுருக்குங்க, மொழிபெயர்ப்பாளர மாத்தி விட இடைவெளி வெச்சு. சத்தம் மோசம்னா மொழிபெயர்க்க முடியலைன்னு சொல்லி நிறுத்தற உரிமை கூண்டுல இருக்கறவங்களுக்கே இருக்கோணும்.

பேசறதுக்கு ஒரு நடுவழி

ஓட்டு ஊட்ல இருந்து போட்டாலும் முழுச் சபையில பேசறத ஊட்ல இருந்து விடறதுக்கு ஐரோப்பாக்காரங்க யோசிச்சாங்க. அப்புறம் ஒரு நல்ல யோசனை பண்ணுனாங்க. அவிங்களுக்கு ஒவ்வொரு நாட்டுலயும் தொடர்பு அலுவலகம் இருக்குது, 2020 கடைசியில அங்க கேமரா மைக்கெல்லாம் மாட்டி, உறுப்பினர் அவிங்க தலைநகரத்து ஆபீஸ்ல போயி நின்னு பேசலாம்னு விட்டாங்க. எல்லையும் தாண்டல, சத்தமும் கெடல, பின்னாடி நாயும் கொரைக்கல. உங்க சபைக்கு ஆபீஸ் இல்லைன்னா அந்தந்த நாட்டுப் பார்லிமெண்டுக் கட்டடத்துல ஒரு ரூம் கேளுங்க, நெட்டு மோசமான நாட்டு உறுப்பினருக்கு இது ஒண்ணுதான் வழி, இல்லைன்னா பணக்கார நாட்டுக்காரன் மட்டும் தெளிவாப் பேசற சபையா ஆயிப்போவும்.

பாதுகாப்பைப் பத்தி நெறைய எழுதல, ஒரு கதை போதும். 2020 நவம்பர்ல ஐரோப்பிய நாடுகளோட பாதுகாப்பு மந்திரிங்க வீடியோவுல ரகசியமாக் கூடிருக்காங்க, நெதர்லாந்து மந்திரி தன்னோட ஸ்க்ரீன ட்விட்டர்ல போட்டோ போட, உள்ள நுழையற ரகசிய நம்பரோட ஆறு எண்ணுல அஞ்சு எண்ணு அதுல தெரிஞ்சுருச்சு, ஒரு ரிப்போர்ட்டர் மிச்ச ஒண்ணக் கண்டுபுடிச்சு உள்ள வந்து எல்லாருக்கும் கையாட்டிட்டுப் போனாரு. பூட்டு எவ்வளவு பெருசா இருந்தாலும் சாவிய வாசல்ல மாட்டி வெச்சா என்ன பண்றது. போட்டோ எடுக்கக் கூடாதுன்னு முதல் ஸ்லைடுலயே போடுங்க. கூடவே இடுப்புக்குக் கீழயும் துணிமணி வேணும்னும் போடுங்க, அயர்லாந்து உறுப்பினர் ஒருத்தரு ஓடிட்டு வந்து சட்டைய மட்டும் மாட்டிக்கிட்டு விவசாயத்தப் பத்தி நெம்ப அக்கறையாப் பேச, கேமரா கீழயும் காட்டிருச்சு.

சும்மா கெடக்கற கட்டடமும் ஆளுங்களும்

சபை ஊட்டுக்குப் போயிருச்சு, சமையக்கட்டு சும்மா கெடக்குது. பிரஸ்ஸல்ஸ்ல அந்த சமையக்கட்ட வெச்சு தினம் ஆயிரம் பேருக்குச் சாப்பாடு பண்ணிக் குடுத்தாங்க, ஒரு கட்டடத்துல வீடில்லாத பொம்பளைங்களத் தங்க வெச்சாங்க, ஸ்ட்ராஸ்பர்க் கட்டடத்துல டெஸ்ட் எடுத்தாங்க. நம்மூர்ல கல்யாண மண்டபத்தையும் கோயமுத்தூரு கொடீசியா ஹாலையும் கொரோனா சென்டர் ஆக்குனோமே அது மாதிரி. இதுல ஒரு கணக்கும் இருக்குது, சபை வேலை செய்யலைன்னு ஜனங்க பேசாம இருக்கறதுக்கு இது நல்லது. ஒப்பந்தத் தொழிலாளிங்களுக்கும் கேண்டீன்காரங்களுக்கும் சம்பளம் ஓடுமான்னு முதல் வாரத்துலயே சொல்லிருங்க.

இனி எழுதி வெக்க முடியாத நட்டம். சபையில முடிவு ஹாலுல நடக்கறதில்லீங்க, நடையில, டீ குடிக்கற எடத்துலதான் நடக்குது. பால் வெலை உயர்வு எத்தனை தடவை பொதுக்குழுவுல முடிவாச்சு? எல்லாம் கேனு எறக்கற மேடையில முடிவானது. ஆன்லைன்ல அந்த நடை இல்ல. திருத்தம் கொண்டு வர்றவன் எதிராளிய ஓரமாக் கூப்பிட்டு "இந்த ஒரு வரிய எடுத்தர்றேன், நீ ஒத்துக்க"ன்னு சொல்ல எடமில்ல, அதுனால ஒண்ணு எல்லாம் ஏகமனதா முடியும், இல்லைன்னா கெட்டியா மோதிக்கும். இதுக்கு முழு மருந்து இல்ல. ஓட்டுக்கு ரெண்டு நாள் முன்னாடி பதிவு பண்ணாத, மொழிபெயர்ப்போட ஒரு ரூமத் தெறந்து வெச்சு யாரு வேணா யாரு கூட வேணா பேசிக்கட்டும்னு விடலாம், பாதி மருந்தாவது ஆகும். வியட்நாம் 2020 செப்டம்பர்ல ஆசியான் நாடுகளோட பார்லிமெண்டு மாநாட்டை முழுசா வீடியோவுலயே நடத்துனாங்க, மாநாடு நடந்துச்சு, ஆனா மாநாட்டுக்கு வெளிய நடக்கறது?

கேள்வி கேக்கற நேரத்தை மட்டும் வெட்டாதீங்க. நம்ம பார்லிமெண்டுல அந்த செப்டம்பர் கூட்டத்துல கேள்வி நேரத்தையே எடுத்துட்டாங்க, எழுத்துல கேட்டா எழுத்துல பதில்னுட்டாங்க. நோய்க் காலத்துலதான் அரசாங்கம் அதிகமாச் செலவு பண்ணுது, அதிகமா உத்தரவு போடுது, அப்பத்தான் கேள்வியும் அதிகமா வேணும். வெளிப்படையா எல்லாத்தையும் நேரலையில விடுங்க, கமிட்டியையும் சேத்து. பத்திரிக்கைக்காரங்களுக்குத் தனி லைன் குடுங்க.

திரும்பி வர்றது

மூடறத விடத் தெறக்கறதுதான் கஷ்டம். 2021 ஜூன்ல ஐரோப்பிய பார்லிமெண்டு திரும்ப ஸ்ட்ராஸ்பர்க் போச்சு, ஆனா வர்றவங்க வரலாம் வராதவங்க தூரத்துல இருக்கலாம்னு. நவம்பர்ல உள்ள வர்றதுக்கு கோவிட் சர்ட்டிபிகேட் கேட்டாங்க, சில உறுப்பினருங்க என்னைய ஜனங்க தேர்ந்தெடுத்தாங்க, என்னையத் தடுக்க நீ யாருன்னு கோர்ட்டுக்குப் போனாங்க, 2022 ஏப்ரல்ல கோர்ட்டு அதைத் தள்ளுபடி பண்ணுச்சு. சர்ட்டிபிகேட் இல்லாத உறுப்பினருக்கு வேற வழி, டெஸ்டோ தூரத்து ஓட்டோ, வெச்சிருந்தா நீங்க கோர்ட்டுல நிப்பீங்க, இல்லைன்னா கஷ்டம். ஐபியு 2021 மே மாசம் ஆன்லைன்ல ஒரு பேரவை நடத்தி, நவம்பர்ல மாட்ரிட்ல நேர்ல கூடுச்சு. அந்தப் படி நல்ல படி, ஒரேயடியாத் தெறக்காம ஒரு சுத்து ரெண்டுங்கெட்டானா ஓட்டிப் பாத்துட்டு முழுசாத் தெறக்கறது.

தெறந்த அன்னைக்கே ரெண்டு வேலை மீதி இருக்குது. அவசர ரூலுக்கு முடிவு தேதி போட்டு மினிட்ஸ்ல ஏத்தறது. அவசர காலத்துல எடுத்த முடிவையெல்லாம் ஒரே லிஸ்டா சபை முன்னாடி வெச்சு ஒப்புதல் வாங்கறது, முணுமுணுத்தவன் பேரோட.

எங்க கமிட்டிக் கதை என்னாச்சுன்னா, 2021 தையில நேர்ல கூடி முதல் வேலையா பைலாவ மாத்துனோம். நோய், வெள்ளம், போக்குவரத்துத் தடைன்னா தலைவரும் மூணு பங்காளியும் கையெழுத்துப் போட்டு 90 நாளைக்குத் தூரத்து ஓட்டு விடலாம், ஓட்டு எழுத்துல பேரு போட்டு வரோணும், அதை அடுத்த கூட்டத்துல படிக்கோணும். கட்டை வெரல் செல்லாதுன்னு தனியா ஒரு வரி, அதை எழுதச் சொன்னதும் அதே பங்காளிதான். ஸ்தபதி மட்டும் திரும்பி வரல, வேற ஆளப் புடிச்சோம், ரேட்டு ஒன்றரை மடங்கு. டல்லாஸ்காரரு இப்பவும் மைக்க மூட மறந்தர்றாரு, போன கூட்டத்துல அவிங்கூட்டு குக்கர் மூணு விசில் அடிச்சுது, அதை மினிட்ஸ்ல எழுதாம விட்டது நான்தான்.